நாய்க்கு உண்ணி: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

நாய் மேல் உண்ணியைப் பார்த்ததும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, குளிப்பாட்டுவது. அடுத்தது, கைக்குக் கிடைத்த எண்ணெயையோ பொடியையோ பூசுவது. ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் மறுபடியும் காதுக்குள் நாலு உண்ணி. "இந்த மருந்து சரியில்லை" என்று அடுத்த மருந்துக்குப் போவார்கள்.

எங்கள் வீட்டு நாய்க்கு ஒரு கோடை முழுக்க இதே தப்பைச் செய்தேன். பிறகு அக்கம்பக்கத்து வீடுகளில் கூட நின்று செய்து கொடுத்தபோது, மற்றவர்களும் அதையே செய்வதைப் பார்த்தேன். பெரும்பாலும் மருந்தில் கோளாறு இல்லை, வரிசையில்தான். நாய் மேல் நாம் பார்ப்பது கொஞ்சம். மீதி சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் காத்திருக்கிறது. அதனால் நாய்க்கும் வீட்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தால்தான் இது தீரும்.

1. பிடுங்க உட்காரும் முன், நாய் நலமா என்று பாருங்கள்

உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. எர்லிச்சியா, பேபீசியா போன்ற கிருமிகளை ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகிறது. இதைத்தான் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். ஏற்கெனவே காய்ச்சல் கண்ட நாயைப் பிடித்துக் குளிப்பாட்டி, நடுங்க விட்டு, மேலே மருந்தும் போட்டால் அது இன்னும் துவண்டு போகும்.

மூன்று விஷயம் பார்த்தால் போதும். முதலாவது, சாப்பாடு. நேற்று வரை தட்டை நக்கிய நாய் இன்று முகர்ந்துவிட்டுப் போனால் அதுவே ஒரு தகவல்.

இரண்டாவது, ஈறு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பு. அப்படியானால் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, சூடு. மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம். டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். நாய்க்கு இயல்பே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 101 காய்ச்சல் என்பதால் பதறிப்போய் மாத்திரை கொடுத்தவர்கள் உண்டு. 103-ஐத் தாண்டினால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு "அந்த டப்பாவை எடு" என்று கத்தினால், அடுத்த முறை அது உங்கள் கைக்கு அகப்படாது. முதலிலேயே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

- கூர்மையான, வளையாத இடுக்கி. உண்ணி எடுக்கிற கொக்கி கிடைத்தால் இன்னும் நல்லது.
- பல் நெருக்கமான சீப்பு.
- மூடி போட்ட பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அல்லது ஸ்பிரிட்.
- ரப்பர் கையுறை, பஞ்சு, போவிடோன் அயோடின்.
- செல்போன் டார்ச் பிடிக்க இன்னொரு ஆள்.

நாயின் எடையும் தெரிய வேண்டும். மருந்து எல்லாமே எடைக் கணக்கில்தான் வருகிறது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். "ஒரு இருபது கிலோ இருக்கும்" என்று கடையில் சொல்லி மருந்து வாங்குவது இரண்டு பக்கமும் ஆபத்து. குறைந்தால் உண்ணி சாகாது, கூடினால் நாய் தாங்காது.

3. உண்ணிதானா, தெள்ளா?

தெள்ளு தத்தும், உண்ணி ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தம் குடித்த பெட்டை உண்ணி சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதை மாதிரி உப்பியிருக்கும். ஆண் உண்ணி தட்டையாக, பழுப்பாக, அதன் பக்கத்திலேயே இருக்கும். பலர் தவறவிடுவது கசகசா அளவே உள்ள உண்ணிக் குஞ்சுகளை. ஆறு கால்தான் இருக்கும், அழுக்கு மாதிரி தெரியும். முலைக்காம்பையும் மருவையும் உண்ணி என்று நினைத்துப் பிடுங்கப் போவதும் நடக்கிறது. கால் தெரிந்தால்தான் உண்ணி.

4. பிடுங்குவது

வெளிச்சமான இடத்தில், நாய் நடந்து களைத்த நேரத்தில் உட்காருங்கள். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். உண்ணிக்குப் பிடித்தது மெல்லிய தோலும் மறைவும். காது மடிப்பு, காதின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, வாலுக்குக் கீழே, கால் விரலிடுக்கு, இமை ஓரம். விரலிடுக்கைப் பார்க்காத வீடுகள்தான் அதிகம். நாய் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

மயிரை விலக்கி, தோலை ஒட்டி, உண்ணியின் வாய்ப்பகுதியில் இடுக்கியை வையுங்கள். வயிற்றைப் பிடித்தால் நசுங்கி, உள்ளே இருப்பது நாயின் உடம்புக்குள்ளேயே போகும். முறுக்காமல், வெடுக்கென்று இழுக்காமல், நேர் மேலாக ஒரே சீராக இழுங்கள். கொக்கி என்றால் மட்டும் அதன் உறையில் சொன்னபடி சுழற்றலாம்.

வாய்ப்பகுதி ஒடிந்து தோலில் நின்றுவிட்டால் ஊசியால் நோண்ட வேண்டாம். அயோடின் தொட்டு வையுங்கள், சில நாளில் உடம்பே அதை வெளியே தள்ளிவிடும். அந்த இடத்தில் பட்டாணி அளவு வீக்கம் கொஞ்ச நாள் இருக்கலாம். சிவந்து பெரிதானால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

எடுத்ததை நேராகப் பாட்டிலுக்குள் போடுங்கள். தரையில் போட்டுக் காலால் தேய்ப்பதும், நகத்தில் வைத்து நசுக்குவதும் நம்மில் பலருக்குப் பழக்கம். அதன் ரத்தம் கண்ணிலோ, கையில் உள்ள கீறலிலோ பட்டால் நமக்கும் கிருமி வரலாம். வாசலில் வீசுவது அதைவிட மோசம். ரத்தம் குடித்து முடித்த ஒரு பெட்டை ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதற்கு வேண்டிய சுவர் விரிசல் வாசலிலேயே இருக்கிறது.

நூறு உண்ணி இருந்தால்? ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்க நினைக்காதீர்கள். பெரியவற்றை எடுத்துவிட்டு விடுங்கள். மிச்சத்தை மருந்து பார்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் பிடித்து வைத்து நாயைக் கடிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். தப்பு நாய் மேல் இல்லை.

5. குளியலும் வேப்பிலைத் தண்ணீரும்

குளியல் உண்ணியைக் கொல்லாது. தண்ணீரில் அது சும்மா கிடக்கும். குளிப்பாட்டுவது அழுக்கையும் அரிப்பையும் குறைக்க, தோலை நன்றாகப் பார்க்க. நாய்க்கென்று உள்ள ஷாம்பூ போதும். நம் ஷாம்பூவும் துணி சோப்பும் அதன் தோலை வறட்டிவிடும்.

வேப்பிலையை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டு கைப்பிடி இலையை மூன்று லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்க வைத்து, நன்றாக ஆறவிட்டு வடிகட்டுங்கள். குளியலின் கடைசிச் செம்பாக, முகத்தை விட்டுவிட்டு ஊற்றுங்கள். அலச வேண்டாம், துவட்டிவிடுங்கள். காயும் வரை நக்க விடாமல் கொஞ்சம் உலாத்துங்கள். கடித்த இடங்களின் அரிப்பு இதில் அடங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இதனால் உண்ணி உதிரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வேப்பெண்ணெய் வேறு சங்கதி. அப்படியே பூசினால் தோல் எரியும், நக்கினால் வாந்தி. பூசித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, சின்ன இடத்தில் ஒரு நாள் வைத்துப் பார்த்து, நாக்கு எட்டாத இடத்தில் மட்டும். குட்டிக்கும் சினை நாய்க்கும் வேண்டாம்.

6. உண்ணி மருந்து

கழுத்தில் விடும் சொட்டு மருந்து என்றால் குளித்து இரண்டு நாள் கழித்துப் போடுங்கள், போட்ட பிறகும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். அது தோலின் எண்ணெய்ப் பசையில்தான் உடம்பெங்கும் பரவுகிறது. ஷாம்பூ போட்ட கையோடு விட்டால் பரவ வழியில்லை. சொட்டு மருந்து பலிக்கவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் "குளிப்பாட்டிச் சுத்தமாக்கிவிட்டுத்தான் போட்டோம்" என்றார்கள்.

தோள்பட்டைகளுக்கு நடுவில், மயிரை விலக்கி, தோலில் படும்படி விடுங்கள். மயிர் மேல் விட்டால் காசு மயிரோடு போகும்.

மென்று தின்னும் மாத்திரைகளும் இருக்கின்றன. சிலது ஒரு மாதத்துக்கு, ஃப்ளூராலனர் வகை சுமார் மூன்று மாதத்துக்கு. இதில் குளியல் கணக்குத் தேவையில்லை. ஆனால் உண்ணி கடித்து ரத்தம் குடித்தால்தான் சாகும். மாத்திரை கொடுத்த மறுநாள் நாய் மேல் உண்ணி ஊர்கிறது என்று பதற வேண்டாம். நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் இந்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு நீங்களாக எந்த மருந்தும் போடாதீர்கள். சீப்பும் இடுக்கியும்தான். அதே நேரம், குட்டி மேல் நிறைய உண்ணி இருந்து ஈறு வெளுத்திருந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். அதன் உடம்பில் இருப்பதே கொஞ்சம் ரத்தம். உண்ணி குடித்தே குட்டி செத்துப்போகும்.

7. அதே நாளில் வீடு

நாயின் வைத்தியம் பாதிதான் ஆகியிருக்கிறது. நம் ஊர் வீடுகளில் அதிகம் காண்பது பழுப்பு நாய் உண்ணி. காட்டுக்கும் புல்லுக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழத் தெரிந்தது. குஞ்சு நாய் மேல் ஏறி ரத்தம் குடித்து, கீழே விழுந்து, விரிசலில் தோல் உரித்து அடுத்த பருவமாகும். மறுபடி ஏறும், மறுபடி விழும். வளர்ந்த பிறகு மூன்றாவது முறை ஏறும். வளர்ந்த உண்ணி ரத்தமே இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல்கூடக் காத்திருக்கும். மாடிப்படிக்கு அடியில் இருந்த பழைய நாய்க்கூண்டை ஆறு மாதம் கழித்து எடுத்து, புதுக் குட்டியை அதில் விட்டு அவதிப்பட்ட வீடு ஒன்று எங்கள் தெருவிலேயே உண்டு.

தரையை மட்டும் துடைப்பது பெரிய தவறு. இந்த உண்ணி மேலே ஏறும். நாய் படுக்கும் இடத்துக்கு நேரே சுவரைப் பாருங்கள், உங்கள் கண் உயரம் வரை, அதற்கும் மேலே. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே உள்ள கீறல், ஸ்விட்ச் பெட்டி விளிம்பு, கட்டில் சட்டம் சேரும் மூலை, திரைச்சீலை மடிப்பு, மாட்டி வைத்த காலண்டரின் பின்பக்கம், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், பூந்தொட்டியின் அடி.

முதலில் துணி. நாய் விரிப்பு, கால்மிதி, சோபா உறை எல்லாவற்றையும் கையில் தாங்கும் சூட்டைவிட நல்ல சூடான நீரில் ஊறவைத்துத் துவைத்து, உச்சி வெயிலில் காயப் போடுங்கள். கிழிந்த சாக்கு, பழைய பஞ்சு மெத்தை என்றால் எரித்துவிடுவதே உத்தமம். நாய்க்கு அது ரொம்பப் பிடிக்கும் என்று பார்த்தால் இத்தனை பாடும் வீண்.

அடுத்தது பெருக்குவது. வேக்குவம் கிளீனர் இருந்தால் விரிசல்களில் வைத்து இழுத்து, அந்தப் பையைக் கட்டி அன்றே வெளியேற்றுங்கள். இல்லையென்றால் தேங்காய் நார்த் துடைப்பமும், பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும், சோப்புத் தண்ணீரும் போதும்.

மூன்றாவது, விரிசலை அடைப்பது. வெள்ளை சிமென்ட்டோ சுவர்ப் பட்டியோ வைத்து மூடிவிடுங்கள். கூண்டுச் சுவருக்கும் மாட்டுக் கொட்டகைச் சுவருக்கும் சுண்ணாம்பு அடியுங்கள். இயற்கை வழி என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஒளிய இடம் இல்லாவிட்டால் உண்ணிக்கு இனம் பெருக்க இடம் இல்லை.

இத்தனையும் செய்து, இன்னும் சுவரில் ஊர்ந்தால் பூச்சிமருந்து தெளிக்கத்தான் வேண்டும். பழக்கப்பட்ட ஆளை வைத்துச் செய்யுங்கள். நாய், பூனை, குழந்தைகள் எல்லோரும் வெளியே போய், நன்றாகக் காய்ந்த பிறகே திரும்ப வேண்டும். மீன் தொட்டி இருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். டெல்டாமெத்ரின் வகை மருந்து மீனை உடனே கொல்லும்.

8. ஊற்றவே கூடாதவை

மண்ணெண்ணெய்: தோலைப் பொசுக்கும், நக்கினால் நுரையீரல் போகும். தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம், மயிர் பற்றிக்கொள்ளும்.

கற்பூரம் கலந்த எண்ணெய், புகையிலைத் தண்ணீர், ஃபினாயில்: மூன்றும் நாய்க்கு விஷம். தோல் வழியாகவும் ஏறும்.

பூண்டு: தின்னக் கொடுத்தால் உண்ணி அண்டாது என்று ஒரு பேச்சு உலவுகிறது. பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணியால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்கு இதைக் கொடுப்பது போல் அநியாயம் இல்லை.

மாட்டுக்கான மூலிகைக் கரைசல்: பூண்டு, வசம்பு, வேப்பிலை, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்து மாட்டின் மேல் தெளிக்கிற முறை மரபு வைத்தியத்தில் இருக்கிறது. கொட்டகை விரிசலிலும் தெளிப்பார்கள். ஆனால் நாய் உடம்பு முழுவதையும் நக்கும் பிராணி. அதன் மேல் தெளித்தது அதன் வயிற்றுக்குத்தான் போகும். மருந்துக்கடையில் மாட்டுக்கு வாங்கிய அமிட்ராஸ் என்கிற உண்ணி மருந்து பாட்டிலுக்கும் இதே பேச்சு. டாக்டர் அளவு சொல்லாமல் தொடாதீர்கள்.

வேப்பிலைப் புகை போடுவதால் விரிசலுக்குள் இருக்கும் உண்ணி சாகும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாய்க்கு இருமல்தான் வரும்.

9. மூன்று மாதக் கணக்கு

முட்டை பொரிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். பொரிந்தவை வளர்ந்து அடுத்த முட்டை இடும் வரை, நம் வெயிலில் சுமார் இரண்டு மூன்று மாதம். நீங்கள் இன்று கொன்றது இன்றைய தலைமுறையை மட்டும். அதனால் மருந்தை மூன்று மாதமாவது விடாமல் தொடர வேண்டும்.

காலண்டரில் மருந்து தேதியை எழுதி மாட்டுங்கள். மாசி பங்குனியில் வெயில் ஏறும்போது தொடங்கியிருந்தால் மழைக்காலம் முடியும் வரை நிறுத்த வேண்டாம். தினமும் நடந்து வந்ததும் இரண்டு நிமிஷம் காது, கழுத்து, விரலிடுக்கு. வாரம் ஒரு முறை விரிப்பை வெயிலில் போடுங்கள். ஐந்தாம் வாரத்தில் பொடி உண்ணி நிறையத் தெரிந்தால் மருந்து தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். சுவரில் முட்டை பொரிந்திருக்கிறது. ஏழாவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

10. உண்ணி போன பிறகு வரும் காய்ச்சல்

கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துத்தான் பெரும்பாலும் காய்ச்சல் தெரியும். அதற்குள் உண்ணியே இருக்காது என்பதால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டு லாப்ரடார் சாப்பிடாமல் படுத்தபோது "வெயில் சூடு" என்று மூன்று நாள் மோர் சாதம் கொடுத்தார்கள். நான்காம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது. பிழைத்துக்கொண்டது, ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

சாப்பிடாமை, சோர்வு, வெளுத்த ஈறு, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர். இதில் எது தெரிந்தாலும் அன்றே போங்கள். "இரண்டு வாரம் முன்பு உண்ணி இருந்தது" என்று நீங்களாகவே சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் கிருமியும் அதில் தெரியும். சென்னை வேப்பேரி, நாமக்கல் போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகள் செய்கிறார்கள்.

எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின் என்றால் வழக்கமாக 28 நாள் எழுதுவார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள், இரண்டு மாதத்தில் காய்ச்சல் திரும்புகிறது. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்து, பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும்.

பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று கேட்காத ஆள் இல்லை. அது கிருமியைக் கொல்லாது. டாக்டர் சம்மதித்தால் கூடவே கொடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் நாய் பக்கம் கொண்டு போகவே கூடாது. குழைந்த சோறும் உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியும் போதும். ஒரே தட்டாக வைக்காமல் நாலு வேளையாகக் கொடுங்கள்.

11. வீட்டில் பூனையும் இருந்தால்

நாய் மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பூனைக்கு உடல் நடுக்கம், வலிப்பு, சாவு வரை கொண்டு போகும். நாய்க்குப் போட்ட மருந்து காயும் முன் பூனை அதன் மேல் உருண்டாலும் ஆபத்துதான். ஒரு நாளாவது இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள். வேப்பெண்ணெயும் பூனைக்கு வேண்டாம். பாரசிட்டமாலும் கூடாது, அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

விடுமுறைக்கு ஊருக்குக் கூட்டிப்போன நாயும், நாய் விடுதியில் விட்டு வந்த நாயும் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலேயே ஒரு முறை சீப்புப் போடுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றி அதன் மடிப்பையும் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டாம் முறை உண்ணி வந்தது அந்தப் பட்டையில்தான்.